இரணமும் சுத்தமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)





இந்த மேடையில் ஏறிப் பேசுவதற்கு நான் பண்டிதனும் அல்லன், வைத்தியனும் அல்லன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சத்திரசிகிச்சைக் கூடத்தில் தாதியாகக் கடமை செய்து ஓய்வு பெற்றவன். வைத்தியர் கத்தியைக் கேட்கும்போது கத்தியையும், நூலைக் கேட்கும்போது நூலையும் எடுத்துக் கொடுத்த கை என்னுடையது. காரியதரிசி அவர்கள் என்னிடம் வந்து, “ஆஸ்பத்திரி அனுபவத்தைப் பற்றி ஏதேனும் பேசுங்கள்” என்று கேட்டார். எதைப் பேசுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். முடிவில், அந்தக் கூடத்தில் நான் கற்ற பாடங்களுள் தலையாய ஒன்றைப் பற்றியே பேசுவதென்று தீர்மானித்தேன். அது கத்தி பிடிக்கும் வித்தையன்று. கை கழுவும் வித்தை.

சிலர் சிரிக்கிறீர்கள். கை கழுவுவது ஒரு வித்தையா என்று உங்களுக்குத் தோன்றும். அதற்கு விடையாக முதலில் என் வீட்டுக் கதையொன்றைச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன்.

1962-ஆம் ஆண்டு. இந்த ஹாலிஎலயிலிருந்து ஏறிச் செல்லும் மலைத் தோட்டமொன்றின் லயத்திலே நாங்கள் குடியிருந்தோம். எனக்குப் பன்னிரண்டு வயது. என் தம்பிக்கு ஒன்பது. ஒரு மாலை நேரம், மாட்டுப் பட்டியின் பக்கம் விளையாடிக்கொண்டிருந்தவன், புல் வெட்டும் முள்ளொன்று மண்ணில் கிடந்ததைக் காணாமல் மிதித்துவிட்டான். உள்ளங்காலில் ஒரு சிறு துளை. இரத்தமும் அதிகமில்லை. எங்கள் அப்பாயி ஓடி வந்தாள். பட்டியில் கிடந்த பச்சைச் சாணத்தை எடுத்து, அதனோடு காப்பித்தூளையும் சேர்த்துக் குழைத்துக் காயத்தின் வாயை அடைத்து, பழஞ்சீலைக் கிழிசலால் இறுகக் கட்டினாள். இரத்தம் நின்றது. தம்பியும் அழுகையை நிறுத்தினான். மறுநாள் பள்ளிக்கூடத்துக்கும் போனான்.

எட்டாம் நாள் காலையில் அவனால் வாயைத் திறக்க முடியவில்லை. ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். மத்தியானத்தில் கழுத்து விறைத்தது. மாலையில் முதுகு வில்லைப்போல் வளைந்தது. கொழுந்து ஏற்றும் லொறியில் ஏற்றிப் பட்டணத்துக்குக் கொண்டுபோனார்கள். நான்காம் நாள் வெறும் லொறி திரும்பி வந்தது.

அந்த நோய்க்கு ஏற்புவலி என்று பெயர். அப்பாயி அதன் பின்பு பதினோர் ஆண்டுகள் உயிரோடு இருந்தாள். கடைசிவரையில் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் கையில் அன்புக்குக் குறைவில்லை. தாய் வீட்டிலே தான் கண்டதையே அவள் செய்தாள். அறிவு ஒன்றுதான் அந்தக் கையை வந்து சேரவில்லை.

நண்பர்களே, அந்த அறிவு உலகத்தில் இல்லாமற்போயிருந்ததா? இருந்தது. அது எங்கே பிறந்தது, எப்போது பிறந்தது, எங்கள் லயத்து வாசலுக்கு வர ஏன் அத்தனை காலம் சென்றது என்பதே இன்றைய என் பேச்சின் பொருள்.

ஒரு நூற்றெண்பது ஆண்டுகளுக்கு முந்திய நிலைமையை நினைத்துப் பாருங்கள். அக்காலத்தில் சத்திரசிகிச்சையென்றால் மனிதருக்கு இரண்டு பயங்கள். ஒன்று வேதனை, மற்றது சீழ். 1846-இல் அமெரிக்காவிலே ஈதர் என்னும் மயக்க மருந்தும், 1847-இல் ஸ்கொட்லாந்திலே குளோரோபோமும் வழக்கத்துக்கு வந்தன. வேதனை ஒழிந்தது. ஆனால் சீழ் ஒழியவில்லை. நோயாளி உறங்கிக்கொண்டிருப்பதனால் வைத்தியர்கள் முன்னிலும் துணிவாக வெட்டினார்கள். வெட்டு நன்றாக முடியும். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ காய்ச்சல் கண்டு, புண் அழுகி, நோயாளி இறப்பார். அக்காலத்து வைத்தியர் அணிந்த மேலங்கியில் பழைய இரத்தம் காய்ந்து கிடக்கும். அதை அவர்கள் அனுபவத்தின் அடையாளமாக எண்ணினார்களேயன்றி அழுக்காக எண்ணவில்லை.

அதே 1847-ஆம் ஆண்டில் வியன்னா நகரத்து ஆஸ்பத்திரியில் செம்மல்வைஸ் என்னும் இளம் வைத்தியர் ஓர் உண்மையைக் கண்டார். அங்கே இரண்டு பிரசவ விடுதிகள் இருந்தன. ஒன்றில் வைத்தியர்களும் மாணவர்களும் பிரசவம் பார்த்தனர். மற்றதில் மருத்துவச்சிகள் பார்த்தனர். படித்த வைத்தியர் பார்த்த விடுதியிலேதான் தாய்மார் கூடுதலாக இறந்தனர். ஏன்? வைத்தியர்கள் காலையில் பிணங்களை அறுத்துச் சோதித்துவிட்டு, அதே கையோடு பிரசவ விடுதிக்கு வந்தனர். மருத்துவச்சிகள் பிணத்தைத் தொடுவதில்லை. செம்மல்வைஸின் நண்பரான ஒரு பேராசிரியர், பிணச் சோதனையின்போது மாணவன் ஒருவனுடைய கத்தி விரலிற்பட்டு, அந்தத் தாய்மார் இறந்த அதே விதமாக இறந்தார். அப்போதுதான் அவருக்கு உண்மை விளங்கிற்று. நோயை ஏந்தி வந்தது கை!

உடனே விடுதியின் வாசலிலே குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரை வைத்து, “கையைக் கழுவாமல் ஒருவரும் உள்ளே வரக்கூடாது” என்று கட்டளையிட்டார். 1847 ஏப்ரல் மாதத்தில் அந்த விடுதியில் நூற்றுக்குப் பதினெட்டுத் தாய்மார் இறந்தனர். ஜூன் மாதத்தில் அந்தத் தொகை நூற்றுக்கு ஏறக்குறைய இரண்டாகக் குறைந்தது. புதிய மருந்தில்லை, புதிய கருவியில்லை. கை கழுவியது ஒன்றே மாற்றம்.

இதைக் கேட்டு வைத்திய உலகம் மகிழ்ந்திருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. “கனவானுடைய கை நோயைத் தருமா?” என்று பலர் கோபித்தனர். செம்மல்வைஸ் வியன்னாவை விட்டுப் போனார். 1865 ஆகஸ்ட் மாதத்தில், சித்தசுவாதீனம் இழந்தோர் விடுதியொன்றில், புரையோடிய காயத்தினாலேயே உயிர் துறந்தார்.

அந்த வியன்னாப் பேராசிரியர்கள் பட்டம் பெற்றவர்கள். என் அப்பாயி எழுதப் படிக்கத் தெரியாதவள். ஆனால் இரு சாராரும் செய்த பிழை ஒன்றே. கண்ணுக்குத் தெரியாத அழுக்கைக் கையில் ஏந்திக்கொண்டு, காப்பாற்ற வேண்டியவரின் இரணத்தைத் தொட்டார்கள். ஒரு வேறுபாடு மாத்திரம் உண்டு. பேராசிரியர்களுக்கு உண்மையை எடுத்துச் சொல்ல ஒருவர் இருந்தார், அவர்கள் கேட்கவில்லை. அப்பாயிக்குச் சொல்லியிருந்தால் அவள் கேட்டிருப்பாள். சொல்ல ஒருவரும் இல்லை.

செம்மல்வைஸ் இறந்த அதே ஆகஸ்ட் மாதத்தில், கிளாஸ்கோ நகர ஆஸ்பத்திரிக்குப் பதினொரு வயதுச் சிறுவன் ஒருவனைக் கொண்டுவந்தார்கள். வண்டிச் சக்கரம் ஏறிக் காலெலும்பு முறிந்து, தோலும் கிழிந்திருந்தது. அக்காலத்தில் இப்படிப்பட்ட காலைப் பெரும்பாலும் வெட்டியே எறிவார்கள். அங்கே ஜோசப் லிஸ்டர் என்ற சத்திர வைத்தியர் இருந்தார். புளித்தலுக்கும் அழுகலுக்கும் காரணம் கண்ணுக்குத் தெரியாத உயிர்களே என்று பிரான்சு தேசத்து லூயி பாஸ்டர் காட்டியிருந்ததை அவர் படித்திருந்தார். கார்லைல் என்னும் ஊரில் சாக்கடையின் நாற்றத்தைப் போக்கக் காபோலிக் அமிலம் பயன்படுவதையும் கேள்வியுற்றிருந்தார். சாக்கடையின் அழுகலை நிறுத்துவது இரணத்தின் அழுகலையும் நிறுத்தாதா என்று எண்ணி, அந்த அமிலத்தில் தோய்த்த துணியால் சிறுவனின் காயத்தை மூடினார். சீழ் பிடிக்கவில்லை. ஆறு வாரத்தில் எலும்பு கூடிற்று.

லிஸ்டர் தம்முடைய முறையை 1867-ஆம் ஆண்டில் இலண்டன் வைத்தியப் பத்திரிகையில் வெளியிட்டார். அவருடைய கணக்கு மிக எளியது. முறையைத் தொடங்குவதற்கு முன், 1864-லும் 1866-லும் கை கால் வெட்டப்பட்ட 35 பேரில் 16 பேர் இறந்தனர். தொடங்கிய பின், 1867 முதல் 1869 வரையில் 40 பேரில் இறந்தவர் 6 பேர்.

1867 என்னும் இந்த ஆண்டைச் சற்று மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். தமிழருக்கும் அது முக்கியமான ஆண்டு. அமெரிக்க வைத்தியரான சாமுவேல் பிஸ்க் கிறீன் என்பவர் 1847-இல் யாழ்ப்பாணம் வந்தார். வியன்னாவில் செம்மல்வைஸ் கை கழுவச் சொன்ன அதே ஆண்டு அது. மானிப்பாயிலே வைத்தியசாலை நடத்தி, அறுபதுக்கு மேற்பட்ட மாணாக்கரை வைத்தியராக்கினார். 1864 முதல் தமிழிலேயே மேனாட்டு வைத்தியத்தைக் கற்பித்தார். தமிழில் இந்தச் சாத்திரத்தைச் சொல்ல முடியுமா என்று ஐயுற்றோருக்கு அவர் நூல்களாலேயே விடை கொடுத்தார். அவற்றுள் ஒன்று, சத்திரசிகிச்சையைப் பற்றிய ஆங்கில நூலொன்றின் தமிழாக்கம். அதன் பெயர் “இரண வைத்தியம்”. அது அச்சேறிய ஆண்டும் 1867!

லிஸ்டர் தம் கட்டுரைகளை வெளியிட்ட அதே ஆண்டில், தமிழில் இரண வைத்திய நூல் வந்துவிட்டது. ஆயின், அந்த நூலுக்கு மூலமாகிய ஆங்கில நூல் லிஸ்டருக்கு முந்தியது. ஆகவே அவருடைய புதிய முறை அதற்குள் ஏற வழியில்லை. ஓராண்டு பிந்தியிருந்தால் ஏறியிருக்கலாமோ என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. எப்படியிருப்பினும், மாற்று மதத்தவராகிய ஒரு பிறநாட்டார் நம் மொழியைக் கற்று, நம் பிள்ளைகளுக்கு நம் மொழியிலேயே வைத்தியத்தைப் புகட்டினார் என்பதை நாம் நன்றியோடு நினைக்க வேண்டும்.

1867-இல் இன்னொன்றும் நடந்தது. ஜேம்ஸ் டெய்லர் என்பவர் லூல்கந்துரத் தோட்டத்திலே 19 ஏக்கரில் தேயிலையை நட்டார். இலங்கையின் தேயிலைத் தொழில் அதிலிருந்தே தொடங்கிற்று. லிஸ்டரின் முறையும், தமிழ் இரண வைத்திய நூலும், நமக்குச் சோறு போட்ட தேயிலையும் ஒரே ஆண்டுப் பிள்ளைகள்! தேயிலை மலைக்கு மலை தாவி, ஊவாவுக்கும் வந்துவிட்டது. இரணத்தைச் சுத்தமாக வைக்கும் அறிவு மாத்திரம், 95 ஆண்டுகள் கழிந்து 1962-ஆம் ஆண்டிலும் எங்கள் லயத்துக்கு வந்து சேரவில்லை. ஏற்புவலியை உண்டாக்கும் கிருமியை ஜப்பானிய அறிஞர் கிட்டசாட்டோ 1889-இலேயே தனியே பிரித்துக் காட்டியிருந்தார். அதற்குத் தடுப்பு மருந்து 1924-இல் பிரான்சிலே கண்டுபிடிக்கப்பட்டது. புகையிரதம் ஹாலிஎலயைக் கடந்து பதுளையை அடைந்ததும் அதே 1924-இல்தான். புகையிரதம் வந்த வேகத்தில் அறிவு வரவில்லை.

இவ்விடத்தில் சிலர், “நம்முடைய முன்னோருக்கு இவையெல்லாம் தெரியாதா?” என்று கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. சுசுருதர் பெயரால் வழங்கும் பழைய வடமொழி வைத்திய நூல், வைத்தியன் நகத்தையும் மயிரையும் குறைத்து, வெள்ளாடை உடுத்துச் சுத்தனாய் இருக்க வேண்டும் என்று விதிக்கிறது. இரணமுற்றவன் இருக்கும் அறையைக் கடுகு, வேப்பிலை, நெய், உப்பு ஆகியவற்றால் புகையூட்டச் சொல்கிறது. முன்னோர் பழக்கத்தினால் கண்ட உண்மை அது. ஆனால் காரணம் அவர்களுக்குத் தெரியாது; கிருமியைக் காணும் கண்ணாடி அக்காலத்தில் இல்லை. காரணம் தெரியாத நல்ல பழக்கம் நாளடைவில் வெறுஞ் சடங்காய்விடும். இரண்டு சொட்டு நீரை விரலில் தெளித்துக்கொண்டு கை கழுவியாயிற்று என்று எண்ணும் வழக்கம் அப்படி வந்ததுதான்.

நாம் ஆசாரம் பார்ப்பவர்கள். குளிக்காமல் கோயிலுக்குப் போவதில்லை. செருப்போடு வீட்டுக்குள் வருவதில்லை. மிக நல்லது. ஆயினும் ஆசாரச் சுத்தம் வேறு, இரணத்துக்கு வேண்டிய சுத்தம் வேறு. பசுஞ்சாணம் வாசலை மெழுகுவதற்கு உரியது, காயத்துக்கு உரியதன்று. மண்ணிலும் சாணத்திலும் ஏற்புவலிக் கிருமியின் வித்துகள் கிடக்கின்றன. காற்றில்லாத ஆழமான காயத்துக்குள் அவற்றை வைத்து அடைத்தால், அந்த வித்து முளைத்து நஞ்சைக் கக்கும். திருநீறு நெற்றிக்கு உரியது. தையல் போட்ட புண்ணுக்கு உரியதன்று. இதைச் சொல்வதனால் நம் சமயத்துக்கு ஒரு குறையும் வராது. உயிரைக் காப்பதற்கு மேலான பூசை எது?

இனி, சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு உங்களைச் சற்று அழைத்துப் போகிறேன். லிஸ்டர் கிருமியைக் காயத்திலேயே கொல்ல முயன்றார். காபோலிக் அமிலத்தைக் காற்றிலும் தெளித்தார். அது வைத்தியரின் கையையும் அரித்தது. 1890-இல் காற்றில் தெளிப்பதை அவரே தேவையில்லையென்று கைவிட்டார். அவருக்குப் பின் வந்தோர் வேறொரு வழி கண்டனர். கிருமி உள்ளே வந்தபின் கொல்வதைவிட, வராமலே தடுப்பது மேல் என்றனர். கருவிகளையும் துணிகளையும் நீராவியில் வேகவைத்தனர். அமெரிக்காவிலே ஹால்ஸ்டெட் என்ற சத்திர வைத்தியர், மருந்தினால் கை புண்ணான தம் தாதிக்காக மெல்லிய ரப்பர்க் கையுறை செய்வித்தார். அவளுடைய கையைக் காக்கச் செய்த உறை, பின்னர் நோயாளியின் உயிரைக் காக்கும் உறையாயிற்று.

வெறும் கொதிநீர் போதாதா என்று கேட்கலாம். போதாது. ஏற்புவலிக் கிருமியின் வித்து கொதிநீரிலும் சாகாமல் இருக்கக்கூடியது. அதிலும் நம் மலைநாட்டில் உயரம் கூடக்கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். கடற்கரையில் 100 பாகையில் கொதிப்பது, நுவரெலியாவில் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதிக்கும். ஆகவேதான் ஆஸ்பத்திரியில் இறுக மூடிய பெரும் பாத்திரத்தில், அமுக்கத்தின் கீழ், நீராவியை 121 பாகைக்கு ஏற்றி, கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கருவிகளை வைக்கிறார்கள். வீட்டிலே பிரஷர் குக்கரில் பருப்பு விரைவாக வேகும் சூத்திரமே இதுவும்.

கூடத்துக்குள் நுழைவோர் மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி, நகத்தை ஒட்ட வெட்டி, விரல் நுனி முதல் முழங்கை வரையில் இரண்டு முதல் ஐந்து நிமிடம் மருந்துச் சவர்க்காரத்தால் தேய்த்துக் கழுவுவார்கள். கையை மேலே தூக்கிப் பிடிப்பார்கள். முழங்கையின் அழுக்கு நீர் விரலுக்கு இறங்கக் கூடாதென்பது அதன் காரணம். அதன் பின் அந்தக் கை கிருமி நீக்கிய பொருளையன்றி வேறெதையும் தொடக்கூடாது. மூக்கு அரித்தாலும் சொறியக்கூடாது!

அங்கே நான் கண்ட ஒரு காட்சியை என்றும் மறவேன். ஆஸ்பத்திரியின் பெயரும் ஆட்களின் பெயரும் இங்கே வேண்டியதில்லை. ஒரு நாள் பெரிய சத்திர வைத்தியர் ஒருவர் வயிற்றுச் சிகிச்சைக்கு ஆயத்தமாக நின்றார். திரும்பும்போது அவருடைய கையுறை பக்கத்து விளக்குத் தண்டில் இலேசாக உரசியது. அவர் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. மூலையில் நின்ற சிற்றூழியப் பெண் ஒருத்தி கவனித்தாள். தோட்டத்திலிருந்து வந்து, வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத பிள்ளை. குரல் நடுங்க, “டாக்டர் ஐயா, உங்க கை அதில பட்டுட்டுதுங்க” என்றாள். கூடம் முழுவதும் மௌனமாயிற்று. எனக்கு நெஞ்சு படபடத்தது. அந்த வைத்தியர் தம் கையைப் பார்த்தார். பிறகு கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, மறுபடியும் கழுவப் போனார். திரும்பி வந்து வேலையைத் தொடங்குமுன், “நன்றி மகளே, இனியும் இப்படிச் சொல்ல வேண்டும்” என்றார்.

நண்பர்களே, செம்மல்வைஸின் பேச்சை வியன்னாப் பேராசிரியர்கள் கேட்காததற்கும், இந்த வைத்தியர் ஒரு சிற்றூழியப் பெண்ணின் பேச்சைக் கேட்டதற்கும் இடையில் உள்ள தூரமே சத்திரசிகிச்சையின் முன்னேற்றம் என்பது என் எண்ணம். கிருமிக்குப் பட்டம் தெரியாது, பதவி தெரியாது. ஆகவே அதைக் கண்டவர் யாராயினும் சொல்ல வேண்டும். கேட்பவர் யாராயினும் கேட்க வேண்டும்.

நிலைமை இப்போது எவ்வளவோ மாறிவிட்டது. நம் நாட்டில் 1961-இல் குழந்தைகளுக்கு முக்கூட்டுத் தடுப்பூசியும், 1969-இல் கருவுற்ற தாய்மாருக்கு ஏற்புவலித் தடுப்பூசியும் தொடங்கப்பட்டன. என் தம்பியைப்போல் ஒரு பிள்ளை இறப்பது மிக அரிதாகிவிட்டது. இதற்காக உழைத்த குடும்ப நல உத்தியோகத்தர்களையும் மருத்துவ மாதர்களையும் நாம் வணங்க வேண்டும்.

ஆனால் வேலை முடிந்துவிடவில்லை. கவ்வாத்துக் கத்தி இன்றும் விரலை வெட்டுகிறது. இன்றும் அந்தக் காயத்தில் தேயிலைத் தூளையும், மஞ்சளையும், சிலந்தி வலையையும் அப்புகிற வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. ஆஸ்பத்திரியிலே இத்தனை பேர் கை கழுவி, இத்தனை கருவிகளை வேகவைத்து ஒரு தாய்க்கு வயிற்றிலே தையல் போட்டு அனுப்புகிறார்கள். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், பார்க்க வந்த உறவினர் கட்டை அவிழ்த்து, “காற்றுப் படட்டும்” என்று எண்ணெய் தடவினால், அவ்வளவு பாடும் வீண். சத்திரசிகிச்சை ஆஸ்பத்திரியோடு முடிவதில்லை. தையல் ஆறும்வரையில் நம்முடைய லயத்துக் காம்பராவும் சத்திரசிகிச்சைக் கூடத்தின் ஒரு பகுதியே.

ஆகவே சில காரியங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

காயம் பட்டால், தொடுவதற்கு முன் உங்கள் கையைச் சவர்க்காரத்தால் கழுவுங்கள். இரத்தம் பெருகினால் சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்துங்கள். சிறு காயமானால், ஓடும் சுத்த நீரில் மண் போகும்வரை நன்றாகக் கழுவி, சுத்தமான துணியால் மூடுங்கள். பொடியோ சாணமோ எண்ணெயோ எதையும் இடாதீர்கள். ஆழமாய்ப் பதிந்து நிற்கும் பொருளைப் பிடுங்காதீர்கள். மண்ணிலோ துருவிலோ பட்ட காயமானால், அது எவ்வளவு சிறிதாயினும் வைத்தியரிடம் காட்டி, ஏற்புவலித் தடுப்பூசி கடைசியாக எப்போது போட்டது என்பதைச் சொல்லுங்கள்.

சத்திரசிகிச்சைக்குப் போகுமுன் சவர்க்காரம் போட்டுக் குளித்துவிட்டுப் போங்கள். வெட்டப்போகும் இடத்தை வீட்டிலே சவரக் கத்தியால் மழிக்காதீர்கள். கத்தி விடும் சிறு கீறல்களில் கிருமி குடிபுகும். மயிரை நீக்குவது அவசியமானால் ஆஸ்பத்திரியிலேயே அதற்குரிய முறையில் செய்வார்கள். வீடு வந்தபின் புண் சிவந்தாலோ, வீங்கினாலோ, நீர் வடிந்தாலோ, காய்ச்சல் கண்டாலோ ஒரு நாளும் தாமதியாதீர்கள். வைத்தியர் தந்த கிருமிக்கொல்லி மாத்திரையைச் சொன்ன நாள் முழுவதும் உட்கொள்ளுங்கள். பக்கத்துக் காம்பராவில் மிஞ்சிய மாத்திரையை வாங்கி விழுங்காதீர்கள்; அரைகுறையாக மருந்துண்டால், சாகாமல் எஞ்சிய கிருமி மருந்துக்கு அடங்காததாகிவிடக்கூடும்.

நோயாளியைப் பார்க்கப் போவது நம்முடைய அன்பின் வழக்கம். போங்கள், ஆனால் இருவராகப் போங்கள். கையைக் கழுவிவிட்டுப் போங்கள். கட்டிலில் உட்காராதீர்கள்.

இறுதியாக, இந்தச் சங்கத்து வாலிபர்களிடம் ஒரு விண்ணப்பம். நீங்கள் ஆண்டுதோறும் விழா எடுக்கிறீர்கள், சிரமதானம் செய்கிறீர்கள், பண்ணிசைப் போட்டி நடத்துகிறீர்கள். அவற்றோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு லயத்துக்கும் ஒரு பெட்டி. அதற்குள் ஒரு கட்டிச் சவர்க்காரம், பொதியவிழாத கட்டுத்துணி, ஒட்டுப் பட்டி, கத்தரிக்கோல், இரண்டு சோடிக் கையுறை. மூடியின் உட்புறத்தில், இலவச அம்புலன்ஸ் வண்டியை அழைக்கும் 1990 என்ற எண்ணும், நான் மேலே கூறிய முறைகளும் பெரிய தமிழ் எழுத்தில் இருக்கட்டும். பெட்டிக்குப் பொறுப்பாக லயத்துக்கு ஒரு வாலிபனும் ஒரு பெண்ணும் இருக்கட்டும். அவர்கள் மாதம் ஒரு முறை பெட்டியைத் திறந்து பார்த்து, குறைந்ததை நிரப்பட்டும். இதற்கு ஆகும் செலவு ஒரு விழாப் பந்தலின் செலவுக்கும் குறைவு. நீரே வராத லயமாயின், பெட்டி வைத்தால் போதாது. நீர் கேட்டு மனு எழுதுவதும் உங்கள் கடமையே. நீரில்லாதவனிடம் கை கழுவச் சொல்வது கேலியாகும்.

1867-இல் பிறந்த அறிவு கிளாஸ்கோவிலிருந்து கொழும்புக்கும், கொழும்பிலிருந்து பதுளைக்கும் வந்துவிட்டது. பதுளையிலிருந்து மலை ஏறி லயத்து வாசலுக்கு வரும் கடைசி இரண்டு மைல்தான் அதற்கு நெடுந்தூரமாயிற்று. அந்த இரண்டு மைலைப் பெரிய வைத்தியர்களால் நடக்க முடியாது. நீங்கள்தான் நடக்க வேண்டும். நீங்கள் படித்தவர்கள், அந்தக் காம்பராக்களில் இருப்பவர்கள் உங்கள் ஆத்தாளும் அப்பாயியும். நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

என் அப்பாயிக்கு அன்று ஒருவர் வந்து, “ஆத்தா, சாணம் வேண்டாம். கையைக் கழுவிவிட்டுக் காலையும் கழுவு. பிள்ளையை மருந்துக் காம்பராவுக்குத் தூக்கிப் போ” என்று சொல்லியிருந்தால் போதும். இந்த மண்டபத்தில் இன்று எனக்குப் பக்கத்து நாற்காலியிலே என் தம்பி ஒரு கிழவனாக உட்கார்ந்திருப்பான்.

நீங்கள் இன்று வீட்டுக்குப் போய் யாரிடமாவது அந்த வார்த்தைகளைச் சொல்ல வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.